ஒருவருக்கு உலை

கதவோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, முன்வரிசையில் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன, வந்து இருங்கள். முக்கிய விருந்தினருக்கென்று ஒதுக்கியவைதான். வருகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

தலைப்பை நானே தெரிவு செய்யலாம், ஆனால் மன்னாரைப் பற்றியதாக இருக்கவேண்டும் என்று இந்த உரையை ஒழுங்கு செய்த அறக்கட்டளையின் செயலாளர் எழுதியிருந்தார். மன்னார் என்றால் பேசுவதற்கா பஞ்சம்? திருக்கேதீஸ்வரம் இருக்கிறது, மடு இருக்கிறது, அரிப்பின் பழைய முத்துக் குளிப்பு இருக்கிறது, 1560இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது, பள்ளிமுனைப் பெருக்கமரம் இருக்கிறது. அவற்றைப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்குத் தெரிந்த மன்னார், நாடாக் கட்டிய கோவைகளுக்குள் இருந்த மன்னார். ஆகவே சிறுவர் இல்லங்களில் வளர்ந்து, 18 வயதானதும் வெளியே வருகிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் சொல்லும் ஆட்களின் பெயர், ஊர், இல்லம் எதையும் சொல்லமாட்டேன். சிலர் இந்த ஊரிலேயே குடும்பமாக இருக்கிறார்கள்.

ஒரு பையனிலிருந்து தொடங்குகிறேன். ஏழு வயதில் இல்லத்துக்கு வந்தவன், 18இல் வெளியேறினான். ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொடுத்திருந்தோம். வாகனம் திருத்துமிடம் ஒன்றில் வேலை. மூன்றாம் நாள் பின்னேரம் பார்க்கப் போனேன். மண்ணெண்ணெய் அடுப்பில் பானை நிறையச் சோறு. முதல்நாள் வடித்த சோறும் இன்னொரு சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கிடந்தது. ஆரும் சாப்பிட வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். இல்லத்தில் சமையல் முறை வரும்போது அறுபது பேருக்கு முப்பது சுண்டு அரிசி போட்டுப் பழகியவன் அவன். "கணக்கு எனக்குத் தெரியும் சேர், ஓராளுக்கு அரைச் சுண்டு. ஆனா அரைச் சுண்டு போட்டா பானை வெறுமையாக் கிடக்கு."

அறுபது பேருக்கு உலை வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒருவருக்கு உலை வைக்க முடியவில்லை. என்னிடம் அவனைப் பற்றி மூன்று அங்குலத் தடிப்பில் கோவை இருந்தது. தடுப்பூசி அட்டை, வகுப்புத் தேர்ச்சி அறிக்கை, நீதிமன்றக் கட்டளை எல்லாம் இருந்தன. சிறிய பானை ஒன்று வாங்கிக் கொடுக்கவேண்டும் என்ற குறிப்பு மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

இந்தப் பிள்ளைகள் யார்? ஊர் இவர்களுக்கு வைத்திருக்கும் சொல் "அநாதை". பெரும்பாலும் அது தவறான சொல். இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் இல்லங்களில் இருந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். வறுமை, தாய் மத்திய கிழக்குக்குப் போனது, தகப்பன் கடலோடு போனது, தாயின் மறுமணத்தில் பிள்ளைக்கு இடமில்லாமற் போனது என்று காரணங்கள் நீளும். எங்கள் மாவட்டத்துக்கு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: பள்ளிக்கூடம். முசலியிலும் மாந்தை மேற்கிலும் மடுப் பக்கமும் க.பொ.த. சாதாரண தரத்துக்கு மேல் படிக்கப் பஸ்ஸில்லாத கிராமங்கள் இருந்தன. தாய்மார் "படிப்புக்கு விடுறன் சேர்" என்றுதான் கொண்டுவந்து விட்டார்கள். இல்லம் அவர்களுக்கு ஒரு விடுதி மாதிரி. ஆனால் விடுதிப் பிள்ளை லீவுக்கு வீட்டுக்குப் போகும். இந்தப் பிள்ளை முதல் வருடம் போகும், இரண்டாம் வருடம் போகும், பிறகு மெல்லமெல்லப் போகாது.

சட்டத்தின் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பழையது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. அநாதை இல்லங்களுக்கான கட்டளைச் சட்டம் 1941. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணங்களுக்கு வந்தன. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை. இந்தச் சட்டங்களின் கண் பெரும்பாலும் பிள்ளை உள்ளே வருகிற வாசலில் இருக்கிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு நல்ல வழி உண்டு. நீதவான் பிள்ளையை ஒரு "தகுதியான ஆளிடம்" ஒப்படைக்கலாம். பெரியம்மா, மாமா, அயலவர், ஆரும் ஆகலாம். வெள்ளைக்காரர் "பொஸ்டர்" குடும்பம் என்பதற்கு எங்கள் நாட்டில் மிகக் கிட்ட வருவது அதுதான். "செவன சரண" வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதில் வளர்ப்புப் பெற்றோர் என்பவர் ஒரு பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறவர். பிள்ளை அவர் வீட்டில் ஒருநாளும் சாப்பிடவேண்டியதில்லை. வளர்ப்பு என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுத்தோமோ தெரியவில்லை.

உண்மையில் எங்கள் கரையில் வளர்ப்பு எப்படி நடந்தது? அம்மம்மா வளர்த்தா. தாயின் தமக்கையைப் பெரிய அம்மா என்றும் தங்கையைச் சின்ன அம்மா என்றும் அழைக்கிற மொழி நம்முடையது. தாய் இல்லாமற்போனால் அடுத்த தாய் யார் என்பதை உறவுமுறையே சொல்லி வைத்திருந்தது. அந்த ஒழுங்கை யுத்தம் உடைத்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறுமையாகின. பெரியம்மா புத்தளத்தில் ஒரு முகாமில், சின்னம்மா இன்னொரு முகாமில். அதே ஆண்டிலிருந்து மடுக் கோயில் வளாகம் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு அகதி முகாம். பல குடும்பங்கள் இராமேஸ்வரம் வழியாக மண்டபம் முகாமுக்குப் போயின. 2007, 2008இல் மாந்தை மேற்கும் மடுவும் கிழக்கே நகர்ந்தன. கடைசியில் முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம். பிள்ளையைத் தேடும் பெற்றோரையும் பெற்றோரைத் தேடும் பிள்ளைகளையும் சேர்ப்பதற்காக 2009 முடிவில் வவுனியாவில் ஒரு பிரிவே தொடங்கவேண்டியிருந்தது. பெரியம்மாவும் சின்னம்மாவும் இருந்த இடத்தில் இருந்திருந்தால் இத்தனை இல்லங்கள் எங்களுக்குத் தேவைப்பட்டிரா.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2009இல் ஐந்து வயதில் இல்லத்துக்கு வந்த பிள்ளைக்கு எப்போது 18 ஆகிறது? 2022இல். அந்த வருடம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா இல்லை. ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. எங்கள் கரையில் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து கடலுக்குப் போனவர்களே படகைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தார்கள். அந்த மார்ச்சில் இங்கிருந்து குடும்பங்கள் பிள்ளைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் போய் இறங்கின. குடும்பமுள்ளவர்களே நிற்க முடியாத வருடத்தில் நாங்கள் யுத்தத்தின் பிள்ளைகளிடம் ஒரு ட்ரங்குப் பெட்டியைக் கொடுத்து, "இனி நீ சொந்தக் காலில் நில்" என்று அனுப்பினோம். 2009இல் கைக்குழந்தையாக இருந்தவர் 2027இல் 18ஐ எட்டுகிறார். யுத்தத்தின் கடைசிப் பெட்டி இன்னும் இல்லத்தை விட்டு வெளியே வரவில்லை.

"சொந்தக் கால்" என்று சொன்னேன். நானும் என் காலம் முழுக்கச் சொன்ன சொல். எத்தனையோ பிள்ளைகளுக்குப் புத்திமதியாகச் சொல்லியிருக்கிறேன். இன்று அதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இந்த மண்டபத்தில் சொந்தக் காலில் நிற்பவர் யார்? என்னைக் கேட்டால், முதல் சைக்கிள் மாமா வாங்கித் தந்தது. உத்தியோகத்துக்குப் போனபோது தங்கியது பெரியப்பாவின் நண்பர் வீட்டில், ஏழு மாதம், வாடகை இல்லாமல். கலியாணத்துக்குக் கடன், வீட்டுக்குக் கடன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிணைகாரர். கடையில் கொப்பிக் கணக்கு. மழைக்காலத்தில் அயல்வீட்டிலிருந்து ஒரு சுண்டு அரிசி, பிறகு நாங்கள் கொடுத்த இரண்டு தேங்காய். ஒரு கடன் தீருமுன் இன்னொன்று வாங்கி, கொடுத்தும் வாங்கியும்தான் வாழ்க்கை ஓடியது. கரைவலை இழுக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். கயிற்றில் எத்தனை கை! சம்மாட்டியிடம் முற்பணம் வாங்காமல் தொழிலுக்கு வந்தவன் எத்தனை பேர்?

இல்லத்துப் பிள்ளைக்கு இது பழக்கமில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது வருடம் எடுத்தது. நாங்கள் அவர்களுக்கு நன்றி சொல்லப் பழக்கினோம், கடன் கேட்கப் பழக்கவில்லை.

நன்றி சொல்வதில் அவர்கள் தேர்ந்தவர்கள். கனடாவில், இலண்டனில், சுவிசில் இருப்பவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் வரிசையாக நின்று, பார்த்தேயிராத ஒரு மனிதரின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். பிறகு நன்றிப் பாட்டு. கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பப்படும். வந்ததற்கெல்லாம் நன்றி, திருப்பிக் கொடுக்கவேண்டியது ஒன்றுமில்லை. அயலில் ஓடிப்போய் "அன்ரி, அம்மா கொஞ்சம் சீனி தரட்டாம்" என்று கேட்டிராத பிள்ளை அது. உப்பு தீர்ந்துபோன வீட்டைப் பார்த்திராத பிள்ளை. இல்லத்தில் உப்பு மூட்டையில் வரும்.

வெளியே வந்தபின் இந்தப் பிள்ளைக்குச் சம்பளம் 25ஆம் திகதி முடிகிறது. கடைக்காரரிடம் "மாச முடிவில தாறன்" என்று சொல்ல வாய் வராது. பட்டினி கிடக்கும். கேட்டால் "பழக்கமில்லை சேர்" என்று சொல்லும். அப்படிக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு வகையும் உண்டு. கேட்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. கடன் எது, தானம் எது என்ற பிரிவினை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காததால் "ஹோம் பிள்ளையெண்டா இப்படித்தான்" என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் அடுத்த பிள்ளைக்கும் சேர்த்து விழும்.

சம்பளம் வாங்கும் பையன் ஒருவன், 23 வயது, ஓட்டோ எடுக்க விரும்பினான். லீசிங் கம்பனிக்குப் பிணைகாரர் இருவர் வேண்டும், ஒருவர் அரச உத்தியோகத்தராக இருந்தால் நல்லது. அவனுக்குத் தெரிந்த அரச உத்தியோகத்தன் நான் ஒருவன்தான். வந்து கேட்டான். நேரே கேட்கவில்லை, அரைமணி நேரம் வேறு கதை பேசிவிட்டுக் கேட்டான். எனக்கு அப்போது மைத்துனரின் கடனுக்கு ஒரு கையெழுத்து நின்றது, மருமகனுக்கு ஒன்று. "இப்ப வசதியில்லைத் தம்பி" என்றேன். "பரவாயில்லை சேர்" என்று எழும்பினான். வாசலில் என் மகளின் செருப்பு தலைகீழாகக் கிடந்தது, அதைக் குனிந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். மைத்துனர் அந்தக் கடனில் ஒன்பது தவணை கட்டவில்லை, அதையும் நான்தான் கட்டினேன். அந்தப் பையன் கட்டியிருப்பான் என்று இன்றும் நம்புகிறேன். அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சியைவிட, அவன் முதன்முதலாக ஒருவரிடம் கடன் கேட்ட நாளில் அந்த ஒருவர் நானாக இருந்தேன் என்பது பெரிய உறுத்தல்.

கடதாசிகளின் கதையும் இதிலிருந்து வேறில்லை. யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்த பிள்ளைகளுக்கு அனுமான வயதுச் சான்றிதழ் எடுப்பது, 15 வயது முடிந்ததும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது, இவற்றை இப்போது இல்லங்கள் ஓரளவு செய்கின்றன. சிக்கல் வெளியே வந்தபின். விதானையாரின் வதிவிட அத்தாட்சி இல்லாமல் எதுவும் நடவாது. வதிவிடத்துக்கு வாக்காளர் இடாப்பு, வாக்காளர் இடாப்புக்குப் பிரதான குடியிருப்பாளர். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் தன் படிவத்தில் இந்தப் பிள்ளையின் பெயரைப் போடமாட்டார், நாளைக்குக் காணியில் உரிமை கேட்டுவிடுமோ என்ற பயம். இல்லமும் போடாது, பிள்ளைதான் போய்விட்டதே. கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் பெயர் பதியப் போன பையனிடம் கேட்ட கேள்வி: "தம்பி எந்த ஊர்?" மன்னார் என்றான். "மன்னாரில ஆற்ற பிள்ளை?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. சங்கத்துக்காரரையும் நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். கடல் எல்லோருக்கும் பொதுவென்றாலும் கரை ஊர்ஊராகத்தான் பிரிந்திருக்கிறது. அங்கே ஒரு ஆளை அடையாளம் காண்பது அவனுடைய தகப்பனை வைத்துத்தான்.

வெளியேறிய பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? தொழிற்பயிற்சி அதிகார சபையின் வகுப்புகளுக்குப் போகிறார்கள், மின்னிணைப்பு, மரவேலை, தையல், கணினி. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிறார்கள். அந்த அளவில் நாங்கள் தோற்றுவிடவில்லை, கையில் தொழில் உள்ள பிள்ளைகள் ஏராளம். பிறகு கவனித்தேன்: பெண்பிள்ளைகள் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள், சிலர் கன்னியர் மடத்துக்கு. ஆண்பிள்ளைகள் கொழும்பில் கட்டட வேலை, ஒரு தகரக் கொட்டிலில் இருபது பேர். மறுபடியும் வரிசைக் கட்டில், மறுபடியும் மணி, மறுபடியும் பெரிய பானை. கட்டுநாயக்காவில் ஒரு போடிங் அறையில் எட்டுப் பேரோடு இருந்த பிள்ளையைப் பார்த்து நான் பரிதாபப்பட்டபோது, "ஐயோ சேர், இதுதான் நித்திரை வாற இடம்" என்று சிரித்தது. தனியறையில் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்காமல் அதற்குத் தூக்கம் வராதாம். இன்னும் சில பெண்பிள்ளைகள் முதலில் "வாறியா" என்று கேட்டவனோடு போய்விட்டார்கள். அதைக் காதல் என்றும் சொல்லமாட்டேன், கெட்டுப்போனார்கள் என்றும் சொல்லமாட்டேன். ஒரு வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். பராமரிப்பிலிருந்து வெளியேறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஆலோசகர் இருக்கவேண்டும் என்றது அது. 2017இல் இன்னொரு சட்டம் அந்த உதவியை 25 வயது வரை நீட்டியது. நடைமுறையில் அங்கேயும் ஓட்டைகள் இருக்கும், எங்கே இல்லை? ஆனாலும் பெயர் சொல்லி ஒரு ஆள், போன் எடுத்தால் பேசவேண்டிய கடமையுள்ள ஆள் என்பது பெரிய விடயம். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 18க்குப் பின்னான பராமரிப்பைப் பேசுகிறது. "மிஷன் வாத்சல்யா" திட்டத்தில் மாதம் 4,000 ரூபா. எங்கள் அரசும் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இல்லப் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபா அறிவித்தது. 3,000 செலவுக்கு, 2,000 பிள்ளையின் பெயரில் வங்கியில். நான் பதவியில் இருந்த காலத்தில் கனவிலும் காணாதது. பத்து வருடம் இல்லத்தில் இருக்கும் பிள்ளை 18இல் வட்டியில்லாமலே 2,40,000 ரூபாவோடு வெளியே வரும்.

அந்தப் பணத்தை வரவேற்கும் அதே மூச்சில் ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 300 ரூபாவைக் கையில் வைத்துக் கடைக்குப் போய் மிச்சக் காசு எண்ணிப் பழகாத பிள்ளையின் கையில் ஒரே நாளில் இரண்டு இலட்சத்துக்கு மேல் வருகிறது. 12 வருடம் எட்டிப் பார்க்காத சித்தப்பாக்கள் அந்த மாதம் வருவார்கள். செலவுக்கான அந்த 3,000இல் ஒரு பகுதியையாவது பிள்ளையின் கையிலேயே கொடுங்கள், தொலைக்கட்டும், ஏமாறட்டும், பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கச் சண்டை போடட்டும். 14 வயதில் 200 ரூபா ஏமாறியவன் 18இல் இரண்டு இலட்சம் ஏமாறமாட்டான். இல்ல நிர்வாகிகளுக்கு இது பிடிக்காது, கணக்காய்வுக்கு என்ன சொல்வது என்பார்கள். "பிள்ளை தொலைத்தது" என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் அப்படி ஒரு வரி இல்லையா?

அறக்கட்டளைக்காரரிடமும் ஒன்று கேட்கவேண்டும். கேட்டால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிடமாட்டீர்கள், எப்படியும் இது ஒருமுறைதான். பொன்னாடை, மேடை அலங்காரம், இந்தச் சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் செலவழிக்கிறீர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை வங்கியில் போட்டு, வெளியேறிய பிள்ளைகளின் சிறிய கடன்களுக்குப் பிணை நில்லுங்கள். தானமாகக் கொடுக்கவேண்டாம், போதும் அது. கையெழுத்துப் போடுங்கள். பிள்ளை தவணை தவறினால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு ஒரு வைத்திய நிலையமே திறந்தார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன், நல்ல பணி. ஒவ்வொரு கழுதைக்கும் தனிக் கோவையாம். 18 வயது கடந்த பிள்ளையின் கோவையை நாங்கள் மூடி, நாடாக் கட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டோம்.

இல்லத்தில் அறுபது பேருக்கு ஒரு தாய் என்று சொல்லப்படுகிற பெண்மணிகளைப் பற்றியும் சொல்லாமல் போனால் தவறு. மேட்ரன் என்று சம்பளப் பட்டியலில் இருக்கும், பிள்ளைகளுக்கு அவ "அன்ரி". இல்லம் மாறினால் அன்ரி மாறும், சம்பளம் போதாவிட்டால் அன்ரி போய்விடும். ஒரு பிள்ளை பத்து வருடத்தில் ஆறு அன்ரிமாரைப் பார்த்திருந்தது. இருந்தும் சில அன்ரிமார் விட்டுப்போகவில்லை.

அப்படி ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்றவர், தங்கையோடு இருக்கிறார். அவர் வளர்த்த பிள்ளை ஒன்று கலியாணம் செய்து, ஏழாம் மாதக் கர்ப்பத்தோடு வந்தது. எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மாமியார் கேட்டிருக்கிறார், உன்ர தாய்வீடு எங்க எண்டு. குத்தலாகக் கேட்டாரோ, சாதாரணமாகக் கேட்டாரோ, எனக்குத் தெரியாது. பிள்ளை நேரே தான் வளர்ந்த இல்லத்துக்குப் போயிருக்கிறது. புதிய நிர்வாகம், வெளியாள் தங்க விதி இடம் தராது. விதி சரியானதுதான், சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம். அங்கிருந்து அன்ரியின் விலாசத்தை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கியிருக்கிறது.

பிறகு நடந்ததை அன்ரிதான் எனக்குச் சொன்னார். தங்கையின் வீட்டில் சின்ன அறை ஒழிக்கப்பட்டது. மன்னார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சரக்கு அரைத்த கறி, பத்தியச் சோறு. பால் ஊறப் பால்சுறா வேண்டும். அந்தக் கிழமை கச்சான் காற்று, கடல் மோசம், சுறா வரத்து இல்லை, வந்ததற்கும் யானை விலை. அன்ரியின் ஓய்வூதியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, தனியார் இல்லத்தில் வேலை செய்தவர்களுக்கு அது எங்கே? சைக்கிளில் மீன்கொண்டு வருகிறவர் படலையில் மணி அடித்தபோது அன்ரி உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை எழும்பித் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படலைக்குப் போயிருக்கிறது. நாலு சின்னச் சுறா. விலை கேட்டது. கையில் இருந்தது பாதிதான்.

"மிச்சம் திங்கட்கிழமை தாறன் அண்ண, கொப்பியில போடுங்க."

மீன்காரர் பேனையை எடுத்து, ஊருக்குப் புது முகமாக இருக்கிறதே என்று பார்த்து, "ஆற்ற பேரில பிள்ள போடுறது?" என்று கேட்டிருக்கிறார்.

உள்ளே அன்ரி குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீரை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாராம்.

"இந்த வீட்டு மகள் எண்டு போடுங்க."